யார் பேரிலும் இல்லாத பொதிகள்

என் மகளின் மடிக்கணினியில் மொத்த இடம் இருநூற்று முப்பத்தேழு ஜிபி. அந்த வியாழக்கிழமை காலையில் அதற்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் கூட்டினேன். முந்நூற்றுப் பதினான்கு வந்தது. கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டினேன். அதே முந்நூற்றுப் பதினான்கு.

எழுபத்தேழு அதிகம். இருக்கிற இடத்தைவிட இருக்கிற சாமான் அதிகம் என்றால், எங்கோ எதுவோ தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தாலுகா அலுவலகத்தில் நில ஆவணப் பிரிவிலேயே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. கணக்கு ஒத்துவராத தாள் கையில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மகளிடம் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பிறகு பார்க்கலாம் என்றாள். அவளுடைய தொல்லை வேறு. முந்தின நாளிலிருந்தே அவள் செய்து முடித்த மென்பொருளை முழுதாகக் கட்டி எழுப்ப முடியவில்லை. பாதி தூரம் ஓடும். பிறகு, இனி எழுத இடமில்லை என்று ஒரு சிவப்பு வரி வந்து நிற்கும். ஆறு முறை முயன்றதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு முறையும் அதே வரி.

அந்த மென்பொருளை அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். சென்னையில் இருக்கும் அவளுடைய கம்பெனி, ஊரிலிருந்தே வேலை செய்ய அவளுக்கு ஆறு மாதம் அனுமதி கொடுத்திருந்தது. அந்த ஆறு மாதம் முடியப்போகிறது. இந்த வேலையை இங்கிருந்தபடியே குறித்த நேரத்தில் முடித்துக் கொடுத்தால் நீட்டிப்போம், இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவளுடைய மேலாளர் சொல்லிவிட்டார். சென்னையில் ஒன்பது வருடம் விடுதி அறைகளில் இருந்தவள். ஊரில் இருக்க அனுமதி கிடைத்தால் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பதாக அங்கேயே வேண்டிக்கொண்டாளாம். எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. கிடைத்தது. வந்தாள். இந்த ஆடியில் பாரிக்கு விதை போட்டிருந்தாள். காப்புக் கட்டிய மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்க, அந்தக் கையால்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, திங்கட்கிழமையே இணையக் கம்பியை அறுத்துப் போட்டுவிட்டது. ஒட்டுப் போட ஆள் வரவில்லை. செல்போன் சிக்னல் வீட்டுக்குள் ஒரு கோடு வரும், போகும். கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் இரண்டு கோடு.

இந்தப் பொதி விவகாரத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். இன்றைக்கு யாரும் ஒரு மென்பொருளை முதலிலிருந்து கடைசிவரை தாமே எழுதுவதில்லை. தேதியை நாள்-மாதம்-வருடமாக மாற்ற ஒரு நிரல், பொத்தானுக்கு நிழல் போட ஒரு நிரல் என்று உலகத்தில் எவரெவரோ எழுதி வைத்திருப்பதை இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்துக்கொள்கிறார்கள். பேக்கேஜ் என்கிறார்கள். நான் பொதி என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு பொதியை இறக்கினால் அதற்கு வேண்டிய பத்துப் பொதிகள் கூடவே வரும். அந்தப் பத்துக்கு வேண்டியவை தனி. மகளின் நடப்பு வேலைக்கு மட்டும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பொதிகள். அவள் தன் கையால் எழுதியது எத்தனை என்று கேட்டேன். அதை எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்படிப் பதினோரு வேலைகள் அவளுடைய கணினியில் இருந்தன. ஒன்று நடப்பு. பத்து முடிந்துபோனவை, எப்போதாவது கேட்பார்கள் என்று வைத்திருப்பவை. ஒவ்வொன்றுக்குள்ளும் அதனதன் பொதிகளுக்கு ஃபோல்டர் என்கிற ஒரு உறை இருந்தது. பதினோரு உறைகளின் அளவையும் கூட்டினால் எழுபத்தேழு ஜிபி. கணக்கில் எவ்வளவு அதிகமாக வந்ததோ, அதே எழுபத்தேழு. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. மற்றதில் பெரும்பகுதி கம்பெனி வைத்த சாமான்கள், இருநூற்று ஒன்று. அதில் கைவைக்க முடியாது. பென்டிரைவில் எடுத்து வைக்கலாம் என்றால், அதைச் செருகவே விடாமல் பூட்டியிருக்கிறார்கள்.

பதினோரு உறைகளையும் அழித்துவிடலாம் என்று மகளே சொன்னாள். நடப்பு வேலையின் உறையிலும் பழைய குப்பை சேர்ந்திருக்கிறது, அதையும் சேர்த்தே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். இணையம் இல்லாமல் எப்படி என்றேன். எல்லாப் பொதிக்கும் கணினிக்குள்ளேயே ஒரு இருப்பு இருக்கிறது, அதிலிருந்து இரண்டு நிமிடத்தில் வந்துவிடும் என்றாள். நான் உறைகளின் பெயரைத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். பதினொன்றும் முடிந்ததும், மீதி இடம் எழுபத்தேழு என்று காட்டும் என எதிர்பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

அரை ஜிபிதான் காட்டியது.

"எழுபத்தேழு எங்கன போச்சு?" என்றேன்.

"அது இருந்தாத்தானய்யா போறதுக்கு" என்றாள் மகள். "பொதி எல்லாம் ஒரே ஒரு தடவைதான் டிஸ்க்ல இருக்கும். ஸ்டோர்னு ஒரு எடம், அங்கன இருக்கும். இந்தப் பதினோரு உறையிலயும் இருந்தது அதே பொதிக்கு இன்னொரு பேரு. அளந்து பாத்தா ஒவ்வொன்னும் முழு அளவையும் தன்னோடதுன்னு காட்டும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "கூட்டுப் பட்டாவா?"

"என்னமோ ஒரு பட்டா."

கூட்டுப் பட்டாதான். அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பிரிக்காத நிலம் இரண்டு ஏக்கர் இருக்கும். வங்கியில் கேட்டால் மூத்தவனும் இரண்டு ஏக்கர் என்பான், இளையவனும் இரண்டு ஏக்கர் என்பான். நான்கு பேர் சொல்வதையும் கூட்டினால் எட்டு ஏக்கர். ஒருத்தன் பேரைப் பட்டாவிலிருந்து எடுத்துவிட்டால் நிலம் குறையாது. கடைசிப் பேர் இருக்கும்வரை இரண்டு ஏக்கரும் அப்படியே கிடக்கும். என் உத்தியோகத்தில் பாதி, இந்த எட்டு ஏக்கரை இரண்டு ஏக்கராக ஆக்குவதிலேயே போயிற்று. கணினிக்குள்ளும் அதே தகராறு இருப்பது தெரிந்ததும், அந்தப் பதற்றத்திலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதில்தான் கெட்டுப்போனோம்.

அந்த ஸ்டோரில், அதாவது இருப்பில், மொத்தம் இருபத்தேழு ஜிபி இருந்தது. எந்த வேலையும் உரிமை கோராத பொதிகளை மட்டும் இருப்பிலிருந்து கழித்துவிட ஒரு கட்டளை உண்டு என்று சொல்லி, அவள் அதைத் தட்டி வைத்தாள். எண்டர் மட்டும்தான் பாக்கி.

"இப்ப அந்த இருபத்தேழும் யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டேன். கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்பதற்காகத்தான் கேட்டேன்.

"யாரு பேர்லயும் இல்ல" என்றாள்.

யார் பேரிலும் இல்லாத நிலம் புறம்போக்கு. அதில் கிடப்பதை அப்புறப்படுத்தச் சொல்லி எத்தனையோ உத்தரவுகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். எனக்கு அது முறையாகவே பட்டது. தலையை ஆட்டினேன். அவள் எண்டரைத் தட்டினாள்.

ஒன்பதாயிரத்து முந்நூற்றாறு பொதிகள் நீக்கப்பட்டன என்று வந்தது. மீதி இடம் இருபத்தேழரை. தாளில் போட்டுப் பார்த்தேன். கம்பெனிச் சாமான் இருநூற்று ஒன்று, அவள் எழுதியதும் மற்றதும் எட்டரை, மீதி இருபத்தேழரை. மொத்தம் இருநூற்று முப்பத்தேழு. காலையிலிருந்து முதல் முறையாக ஒத்துவந்தது. அலுவலக வழக்கப்படி தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டேன்.

கோடு போட்டு நிமிர்ந்தபோது மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடப்பு வேலைக்குப் பொதிகளை இருப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். இருப்பில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. அழித்த பதினோரு உறையில் நடப்பு வேலையின் உறையும் ஒன்று. பத்தை மட்டும் அழித்திருந்தால் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பொதிகள் அதன் பேரில் பத்திரமாக இருந்திருக்கும். அல்லது கழிப்பதற்கு முன்னால் நடப்பு வேலைக்கு மட்டும் மறுபடி எடுத்து வைத்திருக்கலாம். யார் பேரிலும் இல்லை என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான் காதாலேயே கேட்டேன். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

"போச்சுய்யா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இனி எல்லாவற்றையும் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். அவளுடைய போன் மூலம் ஆரம்பித்தாள். திரையின் அடியில் ஒரே ஒரு வரி ஓடியது. அதில் நான்கு எண்கள். வேண்டிய பொதிகள், இருப்பிலிருந்து எடுத்தவை, இறக்கியவை, சேர்த்தவை. முதல் எண் 1412. இரண்டாவது 0. நேற்றுவரை அது 1412 என்று இருந்திருக்கும். மூன்றாவது எண் 1 ஆயிற்று. 2 ஆயிற்று. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு மூன்று. இந்தக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அப்போது மணி பதினொன்று.

மகள் கணினியை மூடிப் பையில் வைத்தாள். ராமநாதபுரம் போய் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்றாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காப்புக் கட்டிய பிறகு ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக்கூடாது. பாரி போட்டவர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் குளித்துவிட்டுப் முளைகள் வளரும் பாரி வீட்டுக்குப் போய், தானியம் விதைத்த அவரவர் ஓட்டுக்கு அவரவர் கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். தாய்கூட மாற்றித் தெளிக்க முடியாது.

"போங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் ஊருக்குள்ள இருக்கணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எதுக்கு? எண்ணுறதுக்கா?" என்று கேட்டாள்.

என் போனில் அன்றைய டேட்டா அப்படியே இருக்கிறது, அதற்காகத்தான் என்றேன். உண்மைதான். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் உண்மை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை ஒன்று. உள்ளே எட்டு கணினிகள். கல்லூரிச் சேர்க்கை நேரம் என்பதால், சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் விண்ணப்பிக்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே இணைப்பு. கடைக்காரருக்கு எங்களைத் தெரியாது. சொந்தக் கணினியைக் கொண்டுவந்து அவருடைய வைஃபையை மட்டும் கேட்கிறோம் என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. மகள் நிலைமையைச் சொன்னாள். அவர் ஒரு ஸ்டூலைக் காட்டினார். ஒரு ஸ்டூல்தான். அவள் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

முதல் அரை மணியில் நானூறு பொதிகளைத் தாண்டியது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஒரு பெண் பெரிய புகைப்படம் எதையோ ஏற்ற ஆரம்பித்தாள், எண் நின்றுவிட்டது. 431. 431. அந்தப் பெண் எழுந்து போனதும் மறுபடி ஓடியது. யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தால் எண் மெதுவாகிறது என்று எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. மூன்றாம் கணினியில் ஒருவர் ஏதோ காணொளி பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தார். நகரவில்லை நான். அவர் எழுந்து போனார்.

"அய்யா, இங்கன வந்து நில்லுங்க" என்றாள் மகள்.

நான்கு மணிக்கு 1409. மூன்றுதான் பாக்கி. அந்த மூன்றில் ஒன்று மிகப் பெரியது. அவளுடைய மென்பொருள் சரியாக நடக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு முழு உலாவியையே பொதியாகக் கட்டி வைத்திருக்கிறார்களாம். மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. கால் மணி நேரமாக எண் அசையவில்லை. எங்கள் ஊர் பேருந்து நாலரைக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு மேல்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அய்யா, இன்னும் எத்தனை?"

"மூணு."

"ஆயிரத்து நானூறு எடுத்தாச்சுல்ல. மூணு குறைஞ்சா என்ன, குடி முழுகியா போகும்? நாளைக்கி வந்து எடுத்துக்கிருங்க."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஒரு பொதி குறைந்தாலும் கட்டடம் எழும்பாது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. மகள் கணினியை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டாள். என் போனை அதனுடன் இணைத்தாள். பாதி வந்ததை மறுபடி முதலிலிருந்து கேட்குமா என்றேன். அந்தப் பெரிய ஒன்றை மட்டும் கேட்கும் என்றாள். 1409 என் கண்ணில் நின்றுகொண்டே இருக்க, பேருந்து நிலையத்துக்கு ஓடினோம். நான் ஓடினேன் என்று சொல்வதைவிட, அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன் என்று சொல்லலாம்.

நகரத்துக்குள் நான்கு கோடு சிக்னல். ஆனால் பேருந்து நகரத்தைக் கடக்கப் பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு கருவேலங்காடும் உப்புப் பூத்த தரவை நிலமும். ஒன்றும் கிடைக்காது. உலாவிப் பொதி முப்பது சதவீதம் என்று மகள் சொன்னபோது பேருந்து நின்றது. ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள்.

பேருந்தே சலித்துக்கொண்டது. முன் சீட்டில் ஒருவர், இந்த கேட்டில் நின்றே ஆயுசு போயிற்று என்றார். நானும் இத்தனை வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அன்று, ரயில் மெதுவாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாற்பத்தைந்து சதவீதம். ஐம்பது. ரயிலைக் காணோம். ஐம்பத்தெட்டு. தூரத்தில் ஹாரன் கேட்டது. ராமேஸ்வரம் போகும் வண்டி. பாசஞ்சராக இருந்தால் பெட்டி குறைவு, சட்டென்று போய்விடும். இஞ்சின் கடந்தது. நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். எட்டு. ஒன்பது. மகள் எழுபத்தொன்று என்றாள். பதினாறு. பதினேழு. இன்னும் வா, இன்னும் வா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு பெட்டிகள். கடைசிப் பெட்டியும் போய்விட்டது. எண்பத்தாறு.

கேட் உயர்ந்தது. ஓட்டுநர் இஞ்சினை முடுக்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வைக்கோல் லாரி அவசரப்பட்டு நடுவில் நுழைந்து மாட்டிக்கொண்டது. எங்கள் ஓட்டுநரும் லாரிக்காரரும் மாறி மாறிப் பேசிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. லாரி பின்வாங்கி வழிவிடும்வரை அது நீடித்தது. அவர்கள் பேசி முடித்த நேரத்தில் மகள் திரையை என் பக்கம் திருப்பினாள். 1412, 0, 1412, 1412.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது கட்டி எழுப்பும் வேலை. அதற்கு இணையம் வேண்டாம். பேட்டரி வேண்டும். இருபத்து மூன்று சதவீதம் இருந்தது. அவள் மடியில் கணினி குலுங்க, வரிகள் ஓடின. நடத்துநர் சீட்டுக் கிழித்துக்கொண்டே, "ஏம்மா, பஸ்ஸுலயுமா ஆபீசு?" என்றார். முன்பு ஆறு முறை எந்த இடத்தில் சிவப்பு வரி வந்ததோ, அந்த இடம் எனக்கு மனப்பாடம். வரிகள் அதை நோக்கிப் போனபோது பார்க்க முடியாமல் வெளியே பார்த்தேன். உப்புத்தரவை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். தாண்டிவிட்டது. இடம் இருந்தது. இருபத்தேழரையில் மூன்றுதான் செலவாகியிருந்தது.

ஊரில் இறங்கியபோது ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. பேட்டரி ஒன்பது. சிக்னல் இல்லை. நேரே கண்மாய்க் கரைக்கு ஏறினோம். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, கணினியையும் அதன்மேல் என் போனையும் என் இரண்டு கையிலும் வைத்தாள். அவளுடைய போனில் அன்றைய டேட்டாவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று அந்தப் போனையும் என் சட்டைப் பையில் போட்டாள்.

"நூறு வந்ததும் பச்சை டிக் விழும். அதுவரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டை நோக்கி ஓடினாள். குளிக்க வேண்டும், பாரி வீட்டுக்குப் போக வேண்டும். வெளிச்சம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

நான் அசையவில்லை. கரையில் போனவர்கள் என்ன என்று கேட்டார்கள். தலையைக்கூட ஆட்டவில்லை. பன்னிரண்டு சதவீதம். இருபது. கை அசைந்தால் சிக்னல் போய்விடுமோ என்று முழங்கையை விலாவில் ஒட்ட வைத்துக்கொண்டேன். பேட்டரி ஆறு. அறுபத்து நான்கில் நின்றது. நின்றது என்றால், நான் இருநூறுவரை எண்ணும்வரை நின்றது. கீழே பாரி வீட்டிலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. அறுபத்தைந்து ஆயிற்று. அதன்பிறகு என்ன நினைத்ததோ, ஒரே தாவலில் தொண்ணூறு, நூறு. பச்சை டிக். ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. பேட்டரி நான்கு.

கணினியை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகக் கரை இறங்கினேன். பாரி வீட்டுப் பக்கம் வந்தபோது சட்டைப் பையில் இருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பூட்டிய திரையில் மேலாளரின் செய்தி, முதல் இரண்டு வரி மட்டும். வந்து சேர்ந்தது, நன்றி. நீங்கள் கேட்டிருந்த விஷயமாக நாங்கள் பேசினோம். அதில் எங்களுடைய முடிவு என்னவென்றால், அதோடு மூன்று புள்ளி.

மீதியைத் திறக்க அவளுடைய விரல் வேண்டும். அவள் பாரி வீட்டுக்குள் இருந்தாள். ஆண்கள் உள்ளே போகக்கூடாது. வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நின்றேன். உள்ளே தண்ணீர் தெளித்து முடித்துப் பெண்கள் வெளியே வந்து வட்டமாக நின்று கும்மி கொட்ட ஆரம்பித்தார்கள். மகள் ஈரத் தலையோடு வட்டத்தில் இருந்தாள். என் பக்கம் வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அனுப்பியாயிற்று என்ற அர்த்தத்தில்தான். மறுபடி வந்தபோது போனைத் தூக்கிக் காட்டினேன். அது என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கும்மியில் பாதியில் விலகக்கூடாது. பதினான்கு சுற்று. அதற்குள் அந்த மூன்று புள்ளிக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கலாம் என்று நான் நினைத்துப் பார்த்தவற்றில் ஒன்றுகூட நல்லதாக இல்லை.

முடிந்ததும் வந்தாள். கையில் இருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்துவிட்டு விரலை வைத்தாள். ஏற்கவில்லை. இன்னொரு முறை துடைத்தாள். படித்தாள். படித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகும் செய்தி இல்லை அது.

"என்னாத்தா?" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி, பின்னால் வந்துகொண்டிருந்த தாயைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு வருசம் குடுத்துருக்காக."

என் மனைவி என் கையிலிருந்த கணினியை வாங்கிக்கொண்டு, "இத இறக்கி வைக்கிறதுக்கு என்ன? பிள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறீக" என்றாள். அப்போதுதான் அவ்வளவு நேரமும் நான் அதை அணைத்தபடியே நின்றிருந்தது தெரிந்தது.

பாரி கரைத்து, காப்பு அவிழ்த்த மறுவாரம் இணையக் கம்பியை ஒட்டிவிட்டார்கள். மகள் அடுத்த வேலைக்கு அதே மென்பொருளின் ஒரு புதுப் பிரதியைத் திறந்தாள். பொதிகளை எடுக்கச் சொல்லும்போது என்னையும் கூப்பிட்டாள். அந்த வரி ஓடியது. 1412, 1412, 0, 1412. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் கேட்டுக்கொண்டதால், திரையை அழிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

இப்போதெல்லாம் மாதம் ஒரு முறை இருப்பைக் கழிக்கிறாள். கழிப்பதற்கு முன்னால் உள்ளறையிலிருந்து, "அய்யா, பட்டா பாத்துட்டேன்" என்று குரல் கொடுப்பாள். கேலிதான். ஆனாலும் நான் எழுந்து போய் ஒரு முறை பார்த்துவிடுவேன். நடப்பு வேலையின் உறை இருக்கிறதா, அதற்குள் பொதிகள் இருக்கின்றனவா என்று. இருந்தால் தலையாட்டுவேன். மீதி இடம் எவ்வளவு என்று கேட்பேன்.

நேற்று இருபத்திரண்டு என்றாள். போன மாதம் இருபத்து மூன்று இருந்தது. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று அவள் இன்னும் சொல்லவில்லை.